ரத்தினம்மா என்ன சொன்னார்?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு உபதேசம் செய்ய வராது. செய்தாலும் நீங்கள் காது கொடுத்துக் கேட்கிற ஆட்கள் இல்லை. ஓசூரில் கம்பெனிகளுக்கு விளம்பரப் படம் எடுத்துக் கொடுக்கிறீர்கள், ஞாயிற்றுக்கிழமையானால் குறும்படம் எடுக்கக் கிளம்பிவிடுகிறீர்கள். நல்லது. பக்கத்துத் தெருவில் இருக்கிறேன் என்பதால் நானும் உங்கள் எடிட்டிங் அறைக்கு டீ குடிக்க வருவேன். வந்தால் விடமாட்டீர்கள். “சார், உங்க டைரக்டர் ஏன் சார் அந்தப் பொம்பளை மூஞ்சியக் காட்டல?” என்று ஆரம்பித்துவிடுவீர்கள்.

எங்கள் டைரக்டரின் படத்தில் வரும் அந்தக் காட்சி உங்களுக்கெல்லாம் மனப்பாடம். நிலத்தைக் கொடுத்துவிட்ட கிராமத்துப் பெண் ஒருத்தி, புதிதாக எழும்பும் ஆலையின் வாசலுக்கு வந்து அதிகாரியிடம் ஒன்று கேட்கிறாள். அவள் முகம் கடைசிவரை தெரியாது. குரல் மட்டும் வரும். திரையில் அந்த அதிகாரியின் முகம்தான் இருக்கும். இதற்கு ஆளுக்கொரு விளக்கம் வைத்திருக்கிறீர்கள். ஒருவன் அரசியல் என்கிறான், ஒருத்தி கவிதை என்கிறாள். நான் தலையை ஆட்டிவிட்டு, டீயைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன்.

ஆனால் சமீபத்தில் ஒரு பிலிம் சுருளை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்து, கொடுத்த கையோடு பிடுங்கிக்கொண்டு போனேன். பெரிசுக்கு மறை கழன்றுவிட்டது என்று நீங்கள் பேசிக்கொண்டது என் காதில் விழுந்தது. காது இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது. அதனால் இதைச் சொல்லியே ஆக வேண்டியிருக்கிறது.

எங்கள் டைரக்டர் பழைய ஸ்டூடியோக் காலத்து ஆள். ஒலிப்பதிவுப் பிரிவில் மைக் பிடிக்கும் வேலையில் நுழைந்து, படிப்படியாக ஏறி டைரக்டர் ஆனவர். அன்றைக்கு நடிக்கும்போதே குரலையும் சேர்த்துப் பதிவு செய்வார்கள். அவர் ஸ்டூடியோவுக்குள் நின்றால் மின்விசிறி ஓடாது, யாரும் இரும மாட்டார்கள். பெரிய கதாநாயகன் ஒருவரின் செருப்புச் சத்தம் வசனத்தின் நடுவில் விழுந்துவிட்டது என்று அவரை வெறுங்காலோடு நடக்கவைத்து எடுத்தாராம். அவருடைய படங்களின் வசனம் கல்யாண வீடு, திருவிழா என்று ஒலிபெருக்கி கட்டிய இடத்திலெல்லாம் ஓடியது. வெள்ளிவிழாப் படங்கள், மாலைகள், கார்கள், எல்லாம் பார்த்தார்.

பிறகு காலம் மாறியது. கேமராவைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் எடுக்கத் தொடங்கினார்கள். அந்தக் கேமரா ஓடினால் மாவு மில் ஓடுவது மாதிரி இருக்கும். அதனால் படப்பிடிப்பில் குரலைப் பதிவு செய்வதே இல்லை. எல்லாம் முடிந்தபின் சென்னையில் டப்பிங் தியேட்டரில் உட்கார்ந்து, திரையில் அசையும் உதட்டுக்கு ஏற்றபடி பேசி ஒட்டுவார்கள். அமைதியைக் காவல் காத்த மனிதருக்கு அமைதி தேவையில்லாமல் போனதும் என்ன ஆயிற்று தெரியுமா? அத்தனை வருடம் அடக்கிவைத்த வாய் திறந்துகொண்டது. டேக் ஓடும்போதே கத்துவார். “திரும்பு! கண்ணு, கண்ணு! கீழ பாக்காத! நிறுத்தாத, நிறுத்தாத!” எல்லா டைரக்டர்களும் அப்போது அப்படித்தான் கத்தினார்கள். ஆனால் இவர் தொண்டைக்கு முன்னால் மற்றவர்கள் எல்லாம் சும்மா.

காதால் வாழ்ந்த ஒருவருக்கு இது எப்படிப் பிடித்தது என்று எனக்கு ஆச்சரியம். ஒருநாள் கேட்டே விட்டேன். “டப்பிங்ல பாத்துக்கலாம்டா” என்றார். நீங்கள் இப்போது “போஸ்ட்ல பாத்துக்கலாம்” என்கிறீர்களே, அதே வியாதிதான்.

நான் அவரிடம் உதவி இயக்குநராகச் சேர்ந்தபோது அவருக்கு இறங்குமுகம். படங்கள் வரிசையாகப் படுத்துக்கொண்டன. கடைசியாக ஒரு தயாரிப்பாளர் துணிந்து வந்தார். சின்னப் படம், ஒருவரைத் தவிர எல்லாம் புதுமுகங்கள், எங்கள் ஓசூர்ப் பக்கத்துக் கதை. வயல்களுக்கு நடுவில் ஆலைகள் முளைத்துக்கொண்டிருந்த சமயம் அது. இந்தப் படமும் போனால் இனி யாரும் கூப்பிட மாட்டார்கள் என்று அவருக்கும் தெரியும், யூனிட்டில் காபி கொடுப்பவருக்கும் தெரியும். நான் இந்த ஊர்க்காரன், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுவேன் என்பதால் எப்போதும் அவர் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்.

ஆலை வாசல் காட்சிக்கு ஒரு நாடக நடிகை வர வேண்டியிருந்தது. காய்ச்சல் என்று தகவல் வந்தது. அதிகாரியாக நடிக்கும் பெரிய நடிகருக்கு அன்றோடு கால்ஷீட் முடிகிறது. மறுநாள் அவர் வேறு படத்துக்குப் போய்விடுவார். டைரக்டர் சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் நிஜமாகவே ஒரு கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது, கலவை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சாந்துச் சட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு சாரம் ஏறிக்கொண்டிருந்த சித்தாள் ஒருவரைக் காட்டி, “அந்த அம்மாவக் கேளு” என்றார்.

அவர்தான் ரத்தினம்மா. முப்பது வயது இருக்கும். தேன்கனிக்கோட்டை ரோட்டில் ஒரு கிராமம். நான் போய்க் கேட்டேன். அவர் மேஸ்திரியைப் பார்த்தார், மேஸ்திரி பல்லைக் காட்டினார். “செரி, வர்றேன் வா” என்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

காட்சியில் அவர் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: “எம்புள்ளையப் பொதச்ச எடம் இதுக்குள்ளதாங்க இருக்குது. வருசத்துக்கு ஒரு வாட்டி உள்ள விடுவீங்களா?”

நான் சொல்லிக் கொடுத்ததும் ரத்தினம்மா ஓரடி பின்னால் போனார்.

“இத நான் சொல்ல மாட்டேன்.”

“சும்மா நடிப்புதான்க்கா.”

“நடிப்புன்னு எனக்குத் தெரியாதா தம்பி? எம்புள்ள குத்துக்கல்லாட்டம் இருக்கிறான். ஸ்கூலுக்குப் போயிருக்கிறான். அவன பொதச்சேன்னு என் வாயால சொல்றதா? சினிமாவோ கினிமாவோ, அந்தப் பேச்சே வேணாம்.”

திரும்பிச் சட்டியை எடுக்கப் போய்விட்டார். பெரிய நடிகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. டைரக்டரே எழுந்து வந்தார்.

“அத நீ சொல்லவே வேணாம்மா. உன் இஷ்டத்துக்கு என்ன வேணாப் பேசு. ஒண்ணு ரெண்டு மூணு எண்ணினாலும் சரி. இந்த மிஷினு உருவத்தத்தான் புடிக்கும், சத்தத்தப் புடிக்காது. அப்புறமா வேற ஒருத்தரு பேசிடுவாங்க. உன் குரல் எங்கயும் வராது.”

“நெசமாவே புடிக்காதா?” என்று என்னைக் கேட்டார்.

“நெசமாத்தான்க்கா” என்றேன்.

திரும்பவும் தெலுங்கில் ஒருமுறை கேட்டார். நானும் தெலுங்கில் அதையே சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். எதற்கு இவ்வளவு யோசனை என்று அப்போது எனக்குப் புரியவில்லை. போய்க் குறித்த இடத்தில் நின்றார். நான் வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தை மறிக்கக் கயிற்றுப் பக்கம் ஓடினேன்.

கேமரா ஓடியது. கலவை மிஷின் ஓடியது. டைரக்டர் தொடங்கினார். “பாரு... அந்த ஆளப் பாரு... பேசும்மா... பேசு!” ரத்தினம்மா முந்தானையைத் தோளில் சரிசெய்தார், எதிரில் நின்றவரைப் பார்த்தார், சும்மா நின்றார். பிறகு பேச ஆரம்பித்தார். “அப்படித்தான்! நிறுத்தாத! நிறுத்தாத!” என்று இவர் கத்தக் கத்த, அவர் பேசிக்கொண்டே போனார். அழவில்லை, கெஞ்சவில்லை, கையைக் காலை ஆட்டவில்லை. பூட்டிய அறைக்குள் ஒரே ஒருவரிடம் சொல்வது மாதிரி இருந்தது. முடித்தார். மூச்சை விட்டார். நேராகப் போய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு சாரம் ஏறிவிட்டார்.

டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்தார். “என்னடா இது!” என்றார். கேமராமேன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அதுவரை அப்படி ஒரு முகத்தைக் கேமராவுக்கு முன்னால் பார்த்ததில்லை, அதற்கப்புறமும் பார்க்கவில்லை.

இனிமேல்தான் வேடிக்கை. சென்னையில் எடிட்டிங் அறையில் அந்த ஷாட்டைப் போட்டுப் பார்க்கிறோம். எழுதியிருக்கும் வசனமோ இரண்டே வாக்கியம். ரத்தினம்மாவின் உதடுகளோ அசைந்துகொண்டே இருக்கின்றன. டப்பிங் கலைஞர் என்னென்னவோ முயன்று பார்த்தார், வசனத்தை நீட்டினார், புதிதாகச் சேர்த்தார். ஒன்றும் ஒட்டவில்லை. அவ்வளவு உண்மையான முகத்தில் பொய்க் குரலை வைத்தால், பார்க்கவே கூசியது. சரி, அவர் பேசியதையே எழுதிப் பேசவைத்துவிடலாம் என்றார் எடிட்டர். அப்போதுதான் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர் என்ன பேசினார்?

எதிரில் நின்ற நடிகரைக் கேட்டோம். “நான் என் எக்ஸ்பிரஷன்ல இருந்தேன்பா” என்றார். கேமராமேன் காதில் கேமரா ஓடிய சத்தம் மட்டும்தான் விழுந்ததாம். நான் கயிற்றுப் பக்கம் இருந்தேன். டைரக்டர் கத்திக்கொண்டிருந்தார். ஒரு யூனிட்டே சுற்றி நின்றிருக்கிறோம், ஒருத்தர் காதிலும் ஒரு வார்த்தை விழவில்லை. சினிமாக்காரர்களைத் தவிர வேறு யாருக்காவது இந்தக் கூத்து நடக்குமா சொல்லுங்கள்.

இதற்குள் விநியோகஸ்தர் ஒருவர் வந்து, சத்தமில்லாமல் ஓடிய அந்த ஷாட்டைப் பார்த்துவிட்டார். அதுவரை பிடிகொடுக்காமல் இருந்தவர், “இந்தம்மா மூஞ்சிக்காகவே படத்த எடுத்துக்கறேன்” என்றார். டைரக்டர் முகத்தில் அன்றைக்கு வந்த வெளிச்சத்தை எப்படிச் சொல்வது? மனிதர் எழுந்து போய் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். ஆக, படத்துக்கு உயிர் அந்த ஷாட்டில் இருந்தது. ஷாட்டுக்கு உயிர், யாருக்கும் தெரியாத அந்தப் பேச்சில் இருந்தது.

காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் ஆசிரியை ஒருவரைத் தனக்குத் தெரியும் என்றார் எடிட்டர். உதட்டைப் பார்த்தே சொல்லிவிடுவாராம். “பேசினவங்க உசிரோட இருக்கும்போது அவங்க எதுக்குய்யா? அந்த அம்மாவையே கேட்டுட்டு வர்றோம்” என்று டைரக்டர் என்னை ஏற்றிக்கொண்டு காரை எடுக்கச் சொல்லிவிட்டார்.

நாங்கள் போனபோது ரத்தினம்மா வீட்டு வாசலில் கேழ்வரகைப் புடைத்துக்கொண்டிருந்தார். யானை மிதித்தது போக மிச்சம் வந்த கேழ்வரகு என்று அவரே சொன்னார். கயிற்றுக் கட்டிலைப் போட்டு உட்காரவைத்து, டீ போட்டுக் கொடுத்தார். டைரக்டர் விஷயத்தைச் சொன்னார். ரத்தினம்மா முதலில் சிரித்தார்.

“அத்தினி பேரு நின்னீங்களே. ஒருத்தருக்குமா கேக்கல?”

“இல்லம்மா. அதான் உன்கிட்டயே வந்தேன். என்ன பேசுன?”

சிரிப்பு நின்றுவிட்டது. “அது எதுக்கோசரம் உங்களுக்கு?”

“உன் வாய் அசையறதுக்குத் தக்கபடி குரல் போடணும். நீ சொன்னதையே போட்டாத்தான் பொருந்தும்.”

“நீங்கதான சொன்னீங்க, மிஷினு சத்தம் புடிக்காதுன்னு. தம்பியும் ரெண்டு தடவ சொல்லுச்சு.” என்னை ஒரு பார்வை பார்த்தார். “அதனாலதான்யா பேசினேன். அது எங்கயும் சொல்ற பேச்சில்ல. எங்கம்மாகிட்ட சொன்னதில்ல, சாமிகிட்ட சொன்னதில்ல. அந்தக் கலவ மிஷினு ஒரு பக்கம், நீங்க கத்தினது ஒரு பக்கம். எங்கொரலு எனக்கே கேக்கல. நிறுத்தாத நிறுத்தாதன்னீங்க. செரி, இதவுட்டா வேற நேரம் வராதுன்னு எல்லாத்தயும் எறக்கிப் போட்டுட்டேன்.”

டைரக்டர் டம்ளரைக் கீழே வைத்தார். ரத்தினம்மாவே கேட்டார்.

“ஏய்யா, கொட்டாயில ஓட்டும்போது என் வாயி அசையறது தெரியுமா?”

“தெரியும்மா. பெருசாத் தெரியும்.”

“அப்ப எம்பையன் பாத்தா?” முறத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். “இன்னைக்கி சின்னப் பையன். நாளைக்கி வளந்து பாப்பானில்ல? அவம் பேரச் சொல்லித்தான் ஆரம்பிச்சேன். மாதப்பான்னு நான் கூப்புடற வாயி அவனுக்குத் தெரியாதா? அதப் புடிச்சிக்கினு மிச்சத்தயும் கண்டுபுடிச்சிருவான். அவன் கெட்டிக்காரன்யா. அவன் அத தெரிஞ்சிக்கவே கூடாது. நீங்க பெரியவங்க, அத எடுத்துப் போட்டுருங்க.”

கையெடுத்துக் கும்பிட்டார். எங்கள் டைரக்டரைக் கும்பிட்டவர்கள் எத்தனையோ பேர். அவர் அன்றைக்கு மாதிரி பதறி எழுந்து நான் பார்த்ததில்லை. “எடுத்துடறேன்மா. சத்தியமா எடுத்துடறேன்” என்றார்.

கார் கிருஷ்ணகிரி தாண்டியது. எனக்குப் பொறுக்கவில்லை. இளரத்தம் அல்லவா? “சார், அந்த டீச்சர மட்டும் ஒருதடவ பாக்கச் சொல்லலாம் சார். நமக்குள்ளயே வச்சுக்கலாம். அப்படி ஒண்ணும் பெரிய விஷயமா இல்லாமலும் இருக்கலாம் இல்லையா?” என்றேன். எனக்கு விநியோகஸ்தர் கவலை பாதி, அவர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ளும் அரிப்பு பாதி.

“டேய், நானும் ஊர்லேர்ந்து கெளம்பின நேரத்துலேர்ந்து அதையேதான் நினைச்சிட்டு வர்றேன்” என்றார். “எனக்கு இல்லாத ஆசையா? ஆனா தெரிஞ்சுகிட்டா அப்புறம் தெரியாதுன்னு சொல்ல முடியாது. நாளைக்கு அந்தப் பையன் வந்து கேட்டா என்ன சொல்லுவ? பொய் சொல்லுவியா?”

“அவன் எங்க சார் வரப்போறான்?”

“வந்தா?” என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். இந்தத் தொழிலில் துணிச்சல் என்றால் மலை உச்சியில் கேமரா வைப்பது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். தன் கடைசி வாய்ப்பு எந்தச் சுருளில் இருக்கிறதோ, அந்தச் சுருளைக் கழற்றிக் கீழே வைத்த மனிதரை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எடிட்டர் கெஞ்சினார். தயாரிப்பாளர் கத்தினார். ரத்தினம்மா சொன்னதை மட்டும் டைரக்டர் யாரிடமும் சொல்லவில்லை. “ஷாட்டுல கோளாறு” என்றார். அவ்வளவுதான். நெகட்டிவை லேபிலேயே அழிக்கச் செய்தார்.

பிறகு எதை வைத்துக் காட்சியை ஒப்பேற்றுவது? அதிகாரியாக நடித்தவரின் முகத்தை வழக்கப்படி தனியாக ஒரு ஷாட் எடுத்துவைத்திருந்தோம். அதைப் போட்டு, அதன்மேல் அந்த இரண்டு வாக்கிய வசனத்தை டப்பிங் கலைஞரை விட்டு மெதுவாகப் பேசவைத்தார். அந்த அதிகாரியின் கண்ணில் குற்ற உணர்ச்சி தெரிகிறது, ஒரு வர்க்கமே தலைகுனிகிறது என்றெல்லாம் எழுதுகிறார்களே, அந்த ஷாட் எடுக்கும்போது எங்கள் சாப்பாட்டு வேன் மண்ணில் சிக்கிக்கொண்டிருந்தது. மனிதர் பசியோடு அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். போய் எழுதுங்கள்.

விநியோகஸ்தர் படத்தைப் பார்த்துவிட்டு, “அந்த மூஞ்சி எங்க?” என்று கேட்டார். இல்லை என்றதும் எழுந்து போய்விட்டார். நாலைந்து தியேட்டர்களில் ஓடிப் படம் பெட்டிக்குள் போனது. வெளிநாட்டு விழாக்களும் கைதட்டலும் பாராட்டுக் கட்டுரைகளும் வந்ததெல்லாம் வெகுகாலம் கழித்துத்தான். அதற்குள் எங்கள் டைரக்டரை யாரும் படம் எடுக்கக் கூப்பிடவில்லை. அதுதான் அவருடைய கடைசிப் படம். பேட்டிக்கு வருபவர்கள் முகத்தை ஏன் காட்டவில்லை என்று கேட்டால், ஒருவரிடம் வெயில் போதவில்லை என்பார், இன்னொருவரிடம் கேமராவில் தூசி என்பார். அவர்கள் அதைத் தன்னடக்கம் என்று எழுதிக்கொண்டு போவார்கள்.

கடைசிக் காலத்தில் ஒருநாள் கூப்பிட்டனுப்பி, ஒரு சின்ன பிலிம் டப்பாவை என் கையில் கொடுத்தார். நெகட்டிவை அழித்தவர், எடிட்டிங்குக்குப் போட்ட பிரிண்டை மட்டும் அலமாரியில் ஒளித்து வைத்திருந்திருக்கிறார்! “அழிக்க மனசு வரலடா. என் கையில இருந்தா ஒருநாள் ஆளக் கூட்டியாந்து உதட்டப் படிக்கச் சொல்லிடுவேன் போலிருக்கு. நீ கொண்டு போ” என்றார். குழந்தை மாதிரி சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பல வருடம் அது என் பீரோவில் கிடந்தது. பிறகு நீங்கள் ஒரு காரியம் செய்தீர்கள். அந்தப் படத்தைப் பற்றி என்னைப் பேசவைத்து வீடியோ எடுத்துப் போட்டீர்கள். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் என் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். கம்பெனிச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, ஐம்பதை நெருங்கும் வயது. போச்சம்பள்ளியில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராம்.

“எம்பேரு மாதப்பன் சார்” என்றார்.

நான் நாற்காலியை இழுத்து அவருக்குப் போட்டேன்.

“எங்கம்மா அந்தப் படத்துல நடிச்சாங்கன்னு ஊர்ல சொல்வாங்க சார். நானும் எத்தனையோ வாட்டி பாத்துட்டேன், எங்கயும் காணோம். அம்மாவக் கேட்டா, நல்லா இல்லன்னு வெட்டிட்டாங்கடான்னு சிரிப்பாங்க. இந்த வருசம் தவறிட்டாங்க. படம் மாட்டலாம்னு தேடினா ஆதார் கார்டுல இருக்கிற கெழவி மூஞ்சிதான் கெடைக்குது. எனக்கு அந்த அம்மா வேணாம் சார். நான் சின்னப் பையனா இருக்கறப்ப இருந்த அம்மா வேணும். ஒரு போட்டோகூட இல்ல. உங்ககிட்ட ஏதாச்சும் இருக்குமா?”

இப்போது சொல்லுங்கள். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? உலகத்தில் அந்த முகம் இருக்கும் ஒரே இடம் என் பீரோ. அதைக் கேட்டு வந்தவரோ, யார் பார்க்கக் கூடாது என்று அந்த அம்மா கும்பிட்டாரோ அவரேதான். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

மறுநாள்தான் சுருளைத் தூக்கிக்கொண்டு உங்களிடம் வந்தேன். கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுங்கள், அதிலிருந்து ஒரு போட்டோ எடுக்க வேண்டும் என்றேன். உங்களில் ஒருவர் பிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “சார், வசனம் தெரியலன்னா கவலையே இல்ல. உதட்டப் படிக்கிற சாப்ட்வேர் வந்துருச்சு. ட்ரை பண்ணவா?” என்று கேட்டார். பாவம், நல்லெண்ணத்தில்தான் கேட்டார். நான் உடனே மறுக்கவில்லை என்பதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். சரி என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இத்தனை வருட அரிப்பு! அப்படி வந்ததும்தான் பயந்துபோய்ப் பிடுங்கிக்கொண்டு ஓடினேன்.

வீட்டுக்கு வந்து ஜன்னல் வெளிச்சத்தில் சுருளைப் பிரித்தேன். ரத்தினம்மா வந்து நிற்கிறார். முந்தானையைச் சரிசெய்கிறார். எதிரில் பார்க்கிறார். வாய் மூடியிருக்கிறது. அதற்கடுத்து உதடு பிரிகிறது. உதடு பிரியும் பிரேமுக்கு முன்னால் கத்தரி வைத்தேன். பேச்சு தொடங்காத பகுதியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, மீதியைப் பொடிப்பொடியாக நறுக்கினேன். எங்கள் டைரக்டர் வாழ்நாளில் எடுத்த மிகச் சிறந்த ஷாட் அது. நீங்கள் என்மேல் கோபப்படலாம், படவும் வேண்டும். எனக்கே என்மேல் கோபம்தான். ஆனால் அந்தப் பேச்சை என் பீரோவில் வைத்துக்கொண்டு அவர் மகன் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை. அந்தச் சின்னத் துண்டைத்தான் பிறகு உங்களிடம் கொண்டுவந்து ஏற்றி வாங்கிப் போனேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை மாதப்பன் வந்தார். போனில் போட்டுக் கொடுத்தேன். சில விநாடிகள்தான். அவர் பார்த்தார். திரும்பப் போட்டார். எங்கள் வீட்டுக்காரி கொண்டுவந்து வைத்த காபி ஆறிப்போயிற்று. மூன்றாம் முறையோ நாலாம் முறையோ பார்க்கும்போதுதான் பேசினார்.

“என்னவோ சொல்ல வர்றாங்க சார்.”

“ஆமா.”

“மீதி இருக்குதா?”

“இல்ல தம்பி. இப்ப இவ்வளவுதான் இருக்கு.”

“நீங்க அப்ப அங்கதான சார் இருந்தீங்க? எங்கம்மா என்ன சொன்னாங்க?”

“எனக்குத் தெரியாது.”

என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்வையைத் திருப்பவில்லை. திருப்ப வேண்டிய அவசியம் எனக்கு இல்லாமல் இருந்தது. அந்தக் கணத்தில் எங்கள் டைரக்டரை நினைத்துக்கொண்டேன். மாதப்பன் மெல்லத் தலையசைத்துவிட்டு மறுபடி போனைப் பார்த்தார். ஓடி முடிந்து, வாய் மூடிய முகத்தில் வந்து நின்றது. அவர் திரையைப் பெரிதாக்கி என் பக்கம் நீட்டினார்.

“வாயக் கொஞ்சம் இறுக்கி மூடியிருக்காங்க, பாருங்க. என்னக் கூப்பிடறதுக்கு முன்னாடி இப்படித்தான் சார் மூடுவாங்க” என்றார். “எங்கிட்டதான் பேச வந்திருக்காங்க.”